அத்தான் அளந்த இருபத்தாறு குதிரைகள்

என்னுடைய லாரிக்குக் கரி அடுப்பு மாட்டிய நாளிலிருந்து நான் வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழுப் பொய். அதற்கு முன்னாலும் நான் பேசியதில்லை.

யுத்த காலம் அது. பெட்ரோல் கூப்பனுக்குப் போய்விட்டது. கூப்பன் கிடைத்த நாளில் பங்கில் பெட்ரோல் இருக்காது, பெட்ரோல் வந்த நாளில் கையில் கூப்பன் இருக்காது. ஆகவே பஸ், லாரி எல்லாவற்றின் முதுகிலும் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை நட்டு, அதற்குள் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் விட்டு ஓட்டினார்கள். கரி கேஸ் என்று அதற்குப் பெயர். காலையில் வண்டியைக் கிளப்ப வேண்டுமென்றால் முதலில் தீ மூட்ட வேண்டும். அப்புறம் அடுப்புக்குக் காற்றூதும் கைவிசிறியின் பிடியை அரை மணி நேரம் சுற்ற வேண்டும். கேஸ் பிடித்துவிட்டதா என்று குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டிப் பார்க்க வேண்டும். நீலமாக எரிந்தால் புறப்படலாம், எரியாவிட்டால் மறுபடியும் சுற்ற வேண்டும். இத்தனையும் செய்து, முகமெல்லாம் கரியாகி, ஏறி உட்கார்ந்து ஓட்டினால், பெட்ரோலில் பறந்த அதே வண்டி தென்காசியிலிருந்து இலத்தூர் போவதற்குள் நாலு இடத்தில் முனகும். சைக்கிள்காரன் மணி அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போவான். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

லாரி என் சொந்த லாரி. ஒன்றரை டன் ஏற்றுகிற பழைய அமெரிக்க வண்டி. அதற்கு முன்பு திருநெல்வேலியில் ஒரு முதலாளியிடம் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்தேன். ஒரு நாள், டயர் சீக்கிரம் தேய்ந்துபோனதற்காக, வண்டிகள் நிறுத்துகிற செட்டில் இருந்த அத்தனை டிரைவர்கள் முன்னாலும் அவர் என்னைப் பார்த்து, “டயரை ஓட்டுனியாடே, இல்ல தின்னியா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாவியை அவர் காலடியில் வீசி எறிந்தேன். “இனிமே உம்ம செட்டு வாசல்ல நான் வந்து நின்னா என் பேரை மாத்திக் கூப்பிடும்வே” என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். மனைவியின் நகையும் கொஞ்சம் வயலும் லாரியாக மாறின. இரண்டு வருஷம் யாருக்கும் கைகட்டாமல் இருந்தேன். அந்த இரண்டு வருஷ ருசி அடங்குவதற்குள் யுத்தம் வந்து என் வண்டியின் பாதி பலத்தைப் பிடுங்கிக்கொண்டது.

ஆனி மாதத் தொடக்கத்தில், ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற மலையாளி ரைட்டர் என் செட்டுக்கு வந்தார். குற்றாலம் போகிற பாதையில், தென்னந்தோப்புக்குள் ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்றுதான் என் செட். எஸ்டேட் கூலிகளுக்குப் பர்மிட் அரிசி வாரா வாரம் தென்காசியிலிருந்து மலை ஏற வேண்டும். கரி லாரிக்காரர்கள் புளியரை அடிவாரத்தில் பாதி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு இரண்டு நடையாக ஏற்றினார்கள். ரோட்டோரத்தில் கிடந்த மூட்டைகள் மழையில் நனைந்தன. சில மூட்டைகள் காணாமலும் போயின. ரைட்டருக்கு அது அலுத்துப்போயிருந்தது.

“இருபது சாக்கு. வழியில எறக்கப் பாடில்லா, கேட்டோ? ஒற்றை வலியில கோட்டைவாசல் கேறணும்” என்றார். நடுவில் இறக்காமல், ஒரே இழுப்பில் கணவாயின் உச்சிக்கு ஏற வேண்டுமாம். “ஆவணி முதல் வெள்ளிக்கிழமை ஞான் கூட வண்டியில இருக்கும். கேறினா யுத்தம் முடியிற வரைக்கும் லோடு உங்களுக்கு.”

ஏறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும். செங்கலும் எருவும் உள்ளூரில் சுமந்துகொண்டிருந்த லாரி அதற்கு மேல் என் வீட்டுக்குச் சோறு போடாது. விற்க வேண்டும். இந்த வட்டாரத்தில் கரி லாரியை வாங்குகிறவர் ஒரே ஆள்தான், என் பழைய முதலாளி. வண்டியோடு டிரைவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் செட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அக்காவின் வீட்டுக்காரர் செங்கோட்டை லோக்கோ ஷெட்டில் ஃபிட்டர். அவரிடம் போனேன். அத்தான் எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். காய்ச்சல் அடிக்கிறது என்றால், “எத்தனை டிகிரி?” என்பார். பசிக்கிறது என்று சொன்னால் அதற்கும் ஒரு எண் கேட்பாரோ என்று எனக்குச் சந்தேகம். நான் அத்தனை கோபத்தையும் கொட்டி முடித்ததும், “சரி, இப்போ எத்தனை குதிரை இருக்கு?” என்று கேட்டார். இன்ஜினின் பலத்தைக் குதிரைக் கணக்கில் சொல்வது அவர் வழக்கம்.

“வலு இல்ல அத்தான், அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா எவ்வளவு? தெரியாம எதைக் கூட்டுதது?”

அளக்காமல் இன்ஜினில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஷிப்ட் இல்லாத நேரங்களில் சைக்கிளில் வருவார். பின்பக்கத்துச் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, டயரைக் கழற்றி, அந்த இரும்பு வளையத்தில் கனத்த கயிற்றைச் சுற்றினார். கயிற்றின் ஒரு முனையில் எடைக்கற்கள் தொங்கின. மறுமுனை தரையில் அடித்த முளையில் ஒரு வில்தராசோடு கட்டப்பட்டது. இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போட்டால் சக்கரம் சுற்றும். கயிறு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். எத்தனை ராத்தல் பிடிப்பை இழுத்துக்கொண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிந்தால் குதிரை எத்தனை என்று கணக்குப் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சுற்றை எண்ணுவது என் வேலை. வளையத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது மேலே வரும்போதெல்லாம் எண்ண வேண்டும். நான் நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது கயிறு புகைய ஆரம்பிக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால் கயிறு வழுக்கும், தராசு முள் ஆடும். அது சீசன் வேறு. அருவிக்குக் குளிக்கப் போகிற ஜனங்கள் எல்லாம் தோப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த ஜவுளிக்காரர் ஒருவர், “என்ன அண்ணாச்சி, வண்டியைக் கட்டிப் போட்டுட்டு ஓட்டுதீங்க?” என்று கேட்டார். எண்ணிக்கை போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து. ஒரு தடவை பத்தொன்பது வரும், அடுத்த தடவை பதினேழு வரும். மூன்றாம் தடவை இருபத்தொன்று. எனக்கு அந்தக் கயிற்றிலேயே தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது. அத்தான் மட்டும் அலுக்கவே இல்லை. பத்துத் தடவை அளந்து, ஒன்றாகக் கூட்டி, பத்தால் வகுத்து, செட்டின் மண்சுவரில் கரிக்கட்டியால் ‘19’ என்று எழுதினார். வண்டியோடு வந்த காகிதத்தில் கம்பெனிக்காரன் நாற்பது என்று போட்டிருந்தான். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் வேலை தொடங்கியது. முதலில், கேஸ் வருகிற குழாயை அகலமாக்கினார். பெட்ரோலுக்காக வைத்த சூடேற்றும் பெட்டியைக் கழற்றி எறிந்தார். கேஸ் சூடாகப் போனால் பலம் கெடும், குளிர்ந்து போக வேண்டும் என்றார். அடுத்தது சிலிண்டர் ஹெட். அதன் அடிப்பாகத்தில் கால் விரற்கடை கனத்தை எடுத்துவிட்டால் உள்ளே இடம் குறுகும், கேஸ் இன்னும் இறுகி வெடிக்கும் என்றார். இதைச் சீவித் தருகிற இயந்திரம் மதுரைக்கு இந்தப் பக்கம் கிடையாது. “அரத்தாலயே ராவிரலாம் மாப்ளே” என்றார், ஏதோ விரல் நகத்தை ராவுவது மாதிரி.

பதினொரு நாள் ராவினார். உடைந்த பீரோவின் கனத்த கண்ணாடியைத் தரையில் மட்டமாகப் போட்டு, அதன்மேல் சாயம் பூசி, ஹெட்டை அதில் வைத்துத் தேய்த்து எடுப்பார். மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சாயம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் அரம். சாயத்துக்கு வேறொன்றும் கிடைக்காமல் என் மனைவியின் குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கி விளக்கெண்ணெயில் குழைத்துக்கொண்டார். பதினொன்றாம் நாள் அவருடைய வலதுகை விரல்களை மடக்க முடியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காப்பி குடித்தார். நான் அதைப் பார்த்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதற்கிடையில் சாரல். வெளியூர்க்காரர்கள் எல்லாம் குற்றாலச் சாரல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆனந்தப்படுவார்கள். அவர்களை ஒரு வாரம் என் செட்டில் வேலை செய்யவிட வேண்டும். அது மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மேலேயிருந்தும் வராது, பக்கவாட்டில் வரும். கணவாய்க் காற்று ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட, பூந்தூறல் செட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தீக்குச்சி நமுத்தது. அரம் துருப்பிடித்தது. கரி மூட்டைகள் எப்போது தொட்டாலும் விரலில் ஈரம். மேலே சாக்கு போட்டேன், அதன்மேல் தகரம் போட்டேன், தகரத்துக்கு அடியிலும் போய் நனைத்தது. இந்தக் கரியை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி வண்டி ஓட்டுவான் என்று வானத்தைப் பார்த்துத் திட்டினேன். அத்தான், “அதை ஏன்டே வைதுகிட்டிருக்கே? எண்ணு” என்றார்.

ஆனால் எண் ஏறியது. அதைச் சொல்ல வேண்டும். குழாயை மாற்றியபின் இருபத்தொன்று. ஹெட்டை ராவி மாட்டியபின் இருபத்துநாலு. தீப்பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்ததும், ஆடி கடைசியில், பத்துத் தடவை அளந்த கணக்கில் இருபத்தாறு. அத்தான் சுவரில் பழைய எண்களை அடிக்காமல் அவற்றுக்குக் கீழே அதை எழுதினார். ஏழு குதிரை கூடியிருந்தது. கயிறு தெறித்துவிடும் போல இழுத்த அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆடி மாதத்தில் நான் கோபமில்லாமல் இருந்த ஒரே சாயங்காலம் அதுதான்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் எல்லாமே அவர் செய்ததாக இருந்தது எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது. வண்டி என்னுடையது, ஏற வேண்டியது நான், ஆனால் ஊரில் கேட்டவர்களெல்லாம், “உங்க அத்தான் பெரிய ஆளாமே” என்றார்கள். என் பங்குக்கும் ஒன்று செய்ய வேண்டும் என்று பட்டது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின மூன்று நாளும் அத்தானுக்கு ஷெட்டில் ஷிப்ட். அந்த மூன்று நாளில் நான் கரியைக் காயவைத்தேன்.

வெயில் ஏது? வீட்டுப் பின்கட்டில் உமியைக் கொட்டிக் கனப்புப் போட்டு, மேலே தகரத்தை வைத்து, அதில் கரியைப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மூட்டைக் கரி. நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிக் கிளறினோம்.

“அரிசியை வறுப்பாக, கடலையை வறுப்பாக. கரியை வறுக்கச் சொன்ன ஆம்பளையை இங்கனதான் பாக்கேன்” என்றாள் அவள்.

“பேசாம கிண்டுடி. ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது.”

இருக்கவில்லை. ஒரு துண்டை இன்னொன்றோடு தட்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி கிணீரென்றது. மூன்று மூட்டையையும் தார்ப்பாயில் இறுக்கிக் கட்டி, சாரல் தொடாமல் வண்டியில் ஏற்றினேன். இனிமேல் எவன் தடுப்பான் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தீ மூட்டினால் பத்தே நிமிஷத்தில் கேஸ் பிடித்தது. அத்தானே ஆச்சரியப்பட்டார். கரியைக் காயவைத்ததை அவரிடம் சொல்லாமல் நான் பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். ரைட்டர் குடையை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தான் பின்னால் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டார். நடுவில் இருபது மூட்டை அரிசி. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சீமை. சுங்கச் சாவடியில் பர்மிட்டைக் காட்டிவிட்டுப் புளியரை வரை சமதரையில் வண்டி நன்றாகவே ஓடியது. ரைட்டர் இரண்டு தடவை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் நான் வாரா வாரம் மலை ஏறுவதையே பார்த்துவிட்டேன்.

ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு ஏறினோம். இரண்டாவதில் இன்ஜின் சத்தம் மாறியது. காலடியில் மிதி இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. முதல் கியருக்குத் தள்ளினேன். மூன்றாவது வளைவின் நடுவில் இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி நின்றது. பின்னால் உருளாமலிருக்க அத்தான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்.

அடுப்பின் அடிக்கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே கரியின் சாம்பல் உருகி, கண்ணாடிக் கட்டி மாதிரி இறுகிக் காற்றுப் போகிற துளையை அடைத்திருந்தது. கிட்டம் பிடிக்கிறது என்று அதைச் சொல்வார்கள். அத்தான் கம்பியால் குத்திக் குத்தி அதை எடுத்தார். “இப்படி ஒரு நாளும் பிடிச்சதில்லையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் விசிறியைச் சுற்றினேன். மறுபடி கிளப்பினோம். நூறு கஜம் போயிருக்கும். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை அது கிளம்பவே இல்லை.

எங்களுக்குப் பின்னால் வந்த மாட்டுவண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போயின. ரைட்டர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். “மதி. எறக்கிக்கோ” என்றார், போதும் என்று கையைக் காட்டி. திட்டவில்லை. முகத்தில் ஒரு வருத்தம்கூட இருந்தது. கடைசியாகப் போன மாட்டுவண்டியை நிறுத்தி, மூட்டைகளுக்கு வேறு வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, அதில் ஏறிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வளைவில் மறைகிற வரைக்கும்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

“செவுத்துல எழுதினீங்களே இருபத்தாறு, எங்க போச்சு?” என்று அத்தானைப் பார்த்துக் கத்தினேன். “நல்லா இருந்த ஹெட்டைப் பதினோரு நாள் ராவி ராவி நாசம் பண்ணிட்டீங்க. நீங்க கை வைக்கும் முன்ன பத்தொன்பதாவது இருந்திச்சு!”

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார். “அளந்தது தப்பா இருக்காது மாப்ளே. பத்துத் தடவை பாத்திருக்கோம்.”

“அப்போ மலை பொய் சொல்லுதா? உங்க கயித்தையும் தராசையும் நம்பினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். ரயில் இன்ஜினுக்கு எண்ணெய் விடுத ஆளைக் கூப்பிட்டு வந்தது என் தப்பு.”

அத்தான் கம்பியை வண்டியில் வைத்தார். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆரியங்காவு ஸ்டேஷனைப் பார்த்து மேலே நடந்தார். செங்கோட்டைக்கு ரயிலில் போவதற்காக. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஆவணி முழுவதும் வண்டியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. செட்டில் கிடந்த கரியைப் போட்டு உள்ளூரில் ஓட்டினால் நன்றாக ஓடியது. அது என்னை இன்னும் பைத்தியமாக்கியது. அடிவாரத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை ஏற்றிப் பார்க்கலாமென்றால், ரைட்டர் அந்த லோடை மாட்டுவண்டிக்கே கொடுத்துவிட்டார். யாரிடமாவது கேட்டிருக்கலாம். சீசனுக்கு வருகிற திருநெல்வேலி கரி பஸ்கள் குற்றாலத்தில் வரிசையாக நிற்கும். அந்த டிரைவர்கள் எல்லோரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். டயர் பேச்சுக்கு அன்றைக்குச் சிரித்தவர்களும் அவர்கள்தான். அவர்களைக் கண்டால் நான் தெருவை மாற்றிக்கொண்டு போனேன். அக்கா வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் லாரியை விற்றேன். யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியோடு நானும் அவர் செட்டில் டிரைவராகச் சேர்ந்தேன்.

முதலாளி என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். மாற்றவில்லை. பழையதை எடுத்து ஒரு வார்த்தை பேசவுமில்லை. பேசியிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு வழி கிடைத்திருக்கும். “காலையில கெளம்பணும். கரி ஏத்திக்கோ” என்றார்.

கரி ஏற்றுகிற இடத்தில் ஒரு டிரைவர் மூட்டையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு செம்பால் தண்ணீர் எடுத்து அதன்மேல் ஊற்றினான். “ஏலே, என்ன செய்யுத? கரியை நனைக்காதலே!” என்று ஓடினேன்.

அவன் விழித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

“பின்ன எப்படிடே போடுவே? சுத்தமாக் காஞ்ச கரி சூடு தாங்காது. உருகிக் கிட்டம் பிடிச்சிரும். கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் கேஸுக்குச் சத்து. மூட்டைக்கு ரெண்டு செம்பு. ரொம்ப ஊத்துனா அவிஞ்சிரும்” என்றார். பிறகு, கிண்டலாக இல்லாமல், நிஜமாகவே ஆச்சரியத்தோடு கேட்டார்: “இம்புட்டு நாள் கரி வண்டி ஓட்டினியே, ஒருத்தன்கிட்டயும் கேக்கலையா?”

நான் அந்த இடத்திலேயே நின்றேன். ஆனியிலும் ஆடியிலும் நான் வைததெல்லாம் எதை என்று அப்போதுதான் புரிந்தது. சாரல் ஏற ஏறத்தான் சுவரில் எண் ஏறியிருக்கிறது. நானும் மனைவியும் மூன்று நாள் கண் எரியக் கிளறி, அந்த வண்டியின் உயிரை உமிக் கனப்பில் போக்கியிருக்கிறோம்.

அடுத்த வாரமே முதலாளியின் லோடாக இருபது மூட்டை அரிசியை அதே லாரியில், நனைத்த கரியோடு, கோட்டைவாசலுக்கு ஏற்றினேன். மூன்றாவது வளைவில் மூச்சு மாறவில்லை. ஒற்றை இழுப்பில் ஏறியது. ஏறி முடித்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தேன். அதற்கு மேல் அடிக்க யாரும் இல்லை.

திரும்பும் வழியில் செங்கோட்டையில் வண்டியை நிறுத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே, வண்டியை விற்றதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். உமிக் கனப்பை, தார்ப்பாயை, இரண்டு செம்புத் தண்ணீரை, இன்றைக்கு ஏறியதை. “தப்பு என்மேலதான் அத்தான்” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே அதுதான் முதல் தடவை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே யோசித்தார். அவர் கேட்டது வேறு.

“அப்போ கூடின ஏழு குதிரையில, ஈரத்துக்கு எத்தனை? நான் ராவினதுக்கு எத்தனை?”

அது யாருக்கும் தெரியாது. ஒருவேளை ஆறு அவருடையதாக இருக்கலாம், ஒன்றுகூட அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

“அது ஒண்ணும் பெரிய காரியமில்ல மாப்ளே” என்றார். அவர் முகம் பழையபடி தெளிந்துவிட்டது. “காஞ்ச கரியில ஒரு பத்துத் தடவை, நனைச்சதுல ஒரு பத்துத் தடவை. கயிறும் தராசும் இங்கனதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிப்ட் கிடையாது. வண்டியைக் கொண்டா, அளந்து பாத்திருவோம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டி வாசலில்தான் நின்றது. அவரும் அதைப் பார்த்தார், பிறகு அதன் கதவில் புதிதாக எழுதியிருந்த முதலாளியின் பெயரைப் பார்த்தார்.

“சரி, சாப்பிட்டுட்டுப் போ” என்றார்.